விழாமல் நின்ற துப்பட்டி

ரோமெட் பிளாங்கரை நான் முதலில் சந்தித்தது அவருடைய மாட்டுத் தொழுவத்தில். மேல் மேய்ச்சலிலிருந்து மாடுகள் இறங்கிவந்து சில நாட்களே ஆகியிருந்தன. அவர் சாணி வழித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் கல்பைனின் மலை வழிகாட்டிகள் அலுவலகத்தின் பெயர் தைத்த புதுச் சட்டையோடு நான் வாசலில் நின்று, வரும் பனிக்காலத்து விளம்பரப் புத்தகத்தில் துப்பட்டியைப் பற்றிப் போட அவர் வாயால் நாலு வரி வேண்டும் என்றேன். கொஞ்சம் வீரமாக இருந்தால் நல்லது என்று அலுவலகத் தலைவர் கெப்ஹார்ட் சொல்லியனுப்பியதையும் சேர்த்துச் சொன்னேன்.

துப்பட்டி என்பது ஊருக்குப் பின்னால், ஆட்களை ஏற்றும் கம்பிவட லிப்ட் எதுவும் எட்டாத உயரத்தில், ஒரு மடிப்புகூட இல்லாமல் விரிந்து கிடக்கும் வெள்ளைச் சாய்வு. போன பிப்ரவரியில் ரோமெட், பணம் கட்டி வந்த தன் விருந்தாளிகளை அதில் சறுக்கவிட்டுக் கீழே கொண்டுவந்து சேர்த்திருந்தார். பக்கத்தில் பக்கத்தில் பின்னல் மாதிரி இறங்கிய அந்தத் தடங்களின் படம்தான் எங்கள் அலுவலகச் சுவரில் பெரிதாக மாட்டியிருந்தது.

ரோமெட் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

"எழுதிக்க. அந்த இடத்துல நான் மடத்தனம் பண்ணேன். அஞ்சு உயிரை வெச்சுச் சூதாடினேன். ஜெயிச்சுட்டேன்."

"அதை எப்படிங்க விளம்பரத்துல போடுறது?"

"போட முடியலேன்னா போ. பாத்துப் போ, வழுக்கும்."

நான் போகவில்லை. அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"நீ பால் வண்டி ஓட்டினவன் மகன்தானே? இன்ஸ்ப்ரூக்ல போய்ப் பனியைப் பத்திப் படிச்சியே, அவன்."

"ஆமா."

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் பட்டத்தை அம்மா சமையலறையில் சிலுவைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை.

"பனியைப் பத்திப் படிச்சுட்டு கெப்ஹார்ட்டுக்கு விளம்பரம் எழுதறே," என்றார் ரோமெட். "நானும் பனியைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு அவனுக்குத்தான் ஆள் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு பேரும் ஒரே தொழுவம்தான். உள்ள வா, மேனா காப்பி போடுவா."

அவருடைய மனைவி மேனா புகைபோட்ட பன்றி இறைச்சியையும் கறுப்பு ரொட்டியையும் மேஜையில் வைத்துவிட்டு, "இந்தக் கதையை ஊர்ல கேக்காத ஆள் இன்னும் மிச்சம் இருக்கா?" என்றாள். கேட்காத ஆள் நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லோரும் கேட்டிருந்தார்கள். ஒருவர்கூட அதை அவர் சொன்னபடி எடுத்துக்கொள்ளவில்லை.

ரோமெட்டின் அப்பா லிப்ட் கம்பங்களுக்குக் குழி தோண்டியவர். மகன் இருபது வயதில் வழிகாட்டித் தேர்வு எழுதினான்; கோடையில் வைக்கோல், பனிக்காலத்தில் விருந்தாளிகள். ரோமெட்டுக்கு மெதுவான நடை. பின்னால் வருபவனின் மூச்சு இரைந்தால் திரும்பிப் பார்க்காமலே வேகத்தைக் குறைப்பார். காற்று பனியைக் கொண்டுவந்து கொட்டிய நாட்களில் காலையிலேயே, கஞ்சி குடிக்கும் மேஜையிலேயே, "இன்னைக்குக் காடு," என்று சொல்லிவிடுவார். மரங்களுக்கு நடுவே ஆபத்தில்லாத, சலிப்பூட்டும் இறக்கங்களில் கூட்டிப்போவார். அதனால் ஊரில் அவருக்குக் காட்டு ரோமெட் என்று பெயர். அவர் கூட்டிப்போன யாரும் மலையில் புதைந்ததில்லை. ஆனால் அப்படிப்பட்டவரைத் தேடி மறுவருடம் யாரும் பெரிதாக வருவதும் இல்லை.

இன்னொரு வழிகாட்டி செராஃபின். ரோமெட்டோடு சேர்ந்து தேர்வு எழுதியவன். அழகன், பாடுவான், விருந்தாளிகள் அவனுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புவார்கள். ரோமெட்டைக் கண்டால் போதும், "என்ன காட்டு ரோமெட், இன்னைக்கு எத்தனை மரத்துக்குக் கை குடுத்தே?" என்பான்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. புதுப் பனியில் முதலில் ஏறுகிறவன்தான் தடம் போடுகிறான். ஸ்கீ என்ற சறுக்குப் பலகைக்கு அடியில் வழுக்காமலிருக்கத் தோல்பட்டையை ஒட்டிக்கொண்டு, முழங்கால் பனியைப் பிளந்து அவன் போடும் பாதையில்தான் பின்னால் வருகிறவர்கள் சொகுசாக ஏறுவார்கள். ஆகவே மேலே போனதும் முதல் இறக்கம் தடம் போட்டவனுக்கு. அவனை முந்தக் கூடாது. சாயங்காலம் பின்னால் வந்தவன் அவனுக்கு ஒரு கிளாஸ் பைன் சாராயம் வாங்கித் தரவேண்டும். தடம் போட்டவன் பாதியில் திரும்புவதென்றால், ஒதுங்கி நின்று பின்னால் வருகிறவனிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும்: "தடம் உனக்கு." இரண்டே வார்த்தை. எல்லோர் காதிலும் விழும்படி அதைச் சொல்வதைவிட ஒரு பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிற ஆண்கள்தான் எங்கள் பள்ளத்தாக்கில் அதிகம்.

"நான் அதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்," என்றார் ரோமெட். "அன்னைக்கு மட்டும் வரல."

அந்தப் பிப்ரவரி வாரம் முழுக்க மோசமான வானிலை. ரோமெட்டின் விருந்தாளிகள் வடக்கே கடற்கரை ஊரிலிருந்து வந்த நாலு பேர். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் டாக்டர் ஹார்ம்ஸ் என்ற பல் மருத்துவர். தினமும் காடு, காடு, காடு. கடைசிக்கு முந்தின நாள் வானம் வெளுத்தது. பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கையில் ஆபத்து நடுத்தரத்துக்கு மேலே, காற்றடித்த சாய்வுகளில் கவனம் என்று போட்டிருந்தது. துப்பட்டியின் தோள்வரை, சாய்வு தொடங்கும் மேல்விளிம்புவரை, போய்ப் பார்க்கலாம், அங்கிருந்து காட்டுப் பக்கம் இறங்கலாம் என்று நினைத்து ரோமெட் தடம் போட்டார். பின்னால், அவருடைய தடத்திலேயே, செராஃபின் தன் கூட்டத்தோடு வந்துகொண்டிருந்தான்.

தோளில் கால் வைத்ததும் அந்தச் சத்தம் கேட்டது. வும் என்று, பெரிய மாட்டின் வயிற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. காலடியில் பனி ஒரு விரற்கடை அமிழ்ந்தது. ஸ்கீ நுனியிலிருந்து ஒரு கீறல் துப்பட்டிக்குள் ஓடியது. அடியில் பலவீனமான அடுக்கு ஒன்று நொறுங்கிவிட்டது, மேலே இருப்பது இனி ஒட்டாமல் சும்மா கிடக்கிற பலகை என்று மலையே வாய்திறந்து சொல்கிற சத்தம் அது. இதைவிடத் தெளிவாக மலை எதையும் சொல்லாது. தேர்வில் முதல் நாளே கற்றுக்கொடுப்பதும் இதைத்தான். கேட்டால் திரும்பு.

"நான் திரும்பத்தான் திரும்பினேன்," என்றார் ரோமெட். "திரும்பினா, டாக்டர் மூஞ்சி. மலை மேல எல்லாரும் எல்லாரையும் நீன்னுதானே கூப்பிடுவோம். அவரு மெதுவா கேட்டாரு, 'இன்னைக்கும் காடா, ரோமெட்? நீ சொன்னா சரிதான்.' அது ஒண்ணும் பெரிசில்ல. அவருக்குப் பின்னாடி செராஃபின் ஆப்பிள் கடிச்சுக்கிட்டு நிக்கறான். 'என்ன ரோமெட், கால் நோவுதா? ஒதுங்கு, நான் போறேன்'னான். தடம் உனக்குன்னு நான் சொல்லணும். அதோட, சத்தம் கேட்டுச்சு, நீயும் போகாதேடான்னும் சொல்லணும். ரெண்டையும் சொல்லல. என் தடம்டா இதுன்னுதான் தோணுச்சு. அந்த மலையில, அந்த நேரத்துல, என் மண்டையில இருந்தது அவ்வளவுதான்."

ஒவ்வொருவராக இறங்கச் சொன்னார். தான் முதலில் போனார். நடுவில் அந்தக் கீறலைத் தாண்டும்போது மேனாவின் முகம்கூட நினைவுக்கு வரவில்லை, செராஃபினின் ஆப்பிள்தான் நினைவுக்கு வந்தது என்றார். துப்பட்டி நின்றது. நாலு பேரும் கீழே வந்தார்கள். டாக்டர் ஹார்ம்ஸ் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். தன் வாழ்க்கையின் மிகச் சிறந்த நாள் என்றார். பின்னாலேயே செராஃபினும் தன் கூட்டத்தோடு பாடிக்கொண்டு இறங்கினான். சாயங்காலம் விடுதியில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, ரோமெட்டுக்குப் பைன் சாராயம் வாங்கி வைத்தான்.

"அதைக் குடிச்சேன் பாரு," என்றார் ரோமெட், ரொட்டியை நகர்த்தி வைத்துவிட்டு. "அந்த கிளாஸைத்தான் நான் இன்னும் மன்னிக்கல. சாய்வுல போனது பயத்துலயும் ரோஷத்துலயும். குடிச்சது தெளிஞ்ச புத்தியோட."

விளம்பரத்துக்கு அன்று நான் எதுவும் எழுதவில்லை. ஆனால் கெப்ஹார்ட்டுக்கு என் வரிகள் தேவைப்படவில்லை. பல் மருத்துவர் இணையத்தில் எழுதிய புகழ்ச்சி ஒன்றே போதுமாயிருந்தது. வாரம் ஒரு நாள் 'துப்பட்டி நாள்' என்று கெப்ஹார்ட் வைத்துவிட்டார். அதன் கீழே போட அவரே ஒரு வரியும் கொடுத்தார்: ஆபத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் பனியை மட்டும் பாருங்கள். அதைத் தட்டச்சு செய்த என் விரல்களைக் கழுவிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பார்த்துக்கொள்வதாம். ஏதோ ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிற மாதிரி.

நவம்பரில் வழிகாட்டிகளின் ஆண்டுக் கூட்டம் விடுதியின் பின்கூடத்தில் நடந்தது. இறைச்சி உருண்டை போட்ட சூப் வந்து, தட்டுகள் எடுத்ததும் ரோமெட் எழுந்து நின்றார். பிப்ரவரியில் நடந்ததை, சத்தம், கீறல், ஆப்பிள் எதையும் விடாமல் சொன்னார். துப்பட்டியை விளம்பரத்திலிருந்து எடுக்கச் சொன்னார்.

முதலில் செராஃபின்தான், "ஆனா விழலையே," என்றான்.

கூடம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, அன்பான சிரிப்பு. அதுதான் இன்னும் மோசம்.

"விழல," என்றார் ரோமெட். "குடிச்சுட்டு வண்டி ஓட்டிட்டு வந்து சேந்தவனும் அதைத்தான் சொல்றான்."

கெப்ஹார்ட் கையை உயர்த்தினார். "ரோமெட், உக்காரு. நீ சத்தத்தைக் கேட்டே, யோசிச்சே, ஒவ்வொருத்தரா அனுப்பினே. அதுக்குப் பேரு அனுபவம்பா. எங்களுக்கு வேணுங்கறதே அதுதான்."

"நான் யோசிக்கவே இல்லேன்னுதான்யா சொல்றேன்."

"அது உன் தன்னடக்கம்."

"கெப்ஹார்ட், என் வாயில வர்ற வார்த்தையை நீ எதுக்கு மாத்தி மாத்திப் போடறே?"

"சரி, சரி. விருந்தாளி எல்லாம் ஆபத்து தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டுட்டு வர்றான். புதைஞ்சா தூக்கிவிட முதுகுல காத்துப் பை, தேடி எடுக்க நெஞ்சுல கருவி, எல்லாம் இருக்கு. யாரும் தொட்டில் குழந்தை இல்ல."

நான் எழுந்து, ஒரு தடவை விழாதது மறுதடவைக்கு உத்தரவாதமில்லை, அந்தச் சாய்வு எந்த நாளில் எப்படி இருக்கும் என்பது அதற்கு முந்தின பனியையும் காற்றையும் பொறுத்தது என்றேன். படித்ததை வைத்துப் பேசினேன், அதற்காக வெட்கப்படவும் இல்லை. "பையன் நல்லாப் பேசறான்," என்று யாரோ சொன்னார்கள். அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்கள். அடுத்த தலைப்பு, சங்கத்துக்குப் புதுத் தொப்பி.

ஆபத்தைப் பற்றித் தெரியாதவர்கள் யாரும் அந்தக் கூடத்தில் இல்லை. எல்லோரும் தேர்வு எழுதியவர்கள், அவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரனைப் பனியிலிருந்து தோண்டி எடுத்தவர்கள். தெரிந்துகொண்டே சிரித்தார்கள்.

அந்த வருடம் பனி மெலிதாக, சீக்கிரமே விழுந்தது. பிறகு வாரக்கணக்கில் மேகமில்லாத குளிர். மெல்லிய பனி அப்படிக் கிடந்தால் அடியில் சீனி மாதிரி உதிரியாகிவிடும், ஒன்றோடொன்று பிடிக்காது. கிறிஸ்துமஸ் கழிந்து அதன்மேல் கனமான பனி காற்றோடு வந்து கொட்டியது. நானும் ரோமெட்டும் தோளுக்குக் கீழே, எதுவும் வந்து விழாத ஒரு மேட்டில் குழி வெட்டிப் பார்த்தோம். மேலே மெத்தை, கீழே சீனி. கையால் தட்டியதும் மெத்தை மொத்தமாக நழுவி என் மடியில் விழுந்தது.

அந்த வார சனிக்கிழமைதான் முதல் துப்பட்டி நாள். கூட்டிப்போகிறவன் செராஃபின். குழியில் பார்த்ததைக் கெப்ஹார்ட்டிடம் போய்ச் சொன்னேன்.

"நல்லது தம்பி, நல்லது," என்றார். "செராஃபின் மேல போய், தோள்ல நின்னு, பாத்து முடிவு பண்ணுவான்."

இதுதான் எங்கள் ஊரின் பெரிய பொய். தோளில் நின்று முடிவு பண்ணுவது. முழங்கால் பனியில் ஏறி முடித்து, பணம் கட்டியவர்கள் பின்னால் நிற்க, அடுத்த கூட்டம் தடத்தில் வர, அங்கேதான் முடிவாம். ரோமெட்டுக்கே வாய் வராத இடம் அது. செராஃபினுக்கு அங்கே பாட்டுதான் வரும்.

வெள்ளிக்கிழமை காலை விடுதியின் சாப்பாட்டுக் கூடத்துக்கு ரோமெட் தொழுவத்து பூட்ஸோடு நுழைந்தார். நானும் பின்னால் போனேன். டாக்டர் ஹார்ம்ஸ் திரும்பவும் வந்திருந்தார், இந்த முறை தன் மகளோடு. அவள் பெயர் வீப்கே, கல்லூரி மாணவி. துப்பட்டியைக் காட்டவே கூட்டிவந்திருந்தார்.

"அடடே, திரு. பிளாங்கர்," என்று எழுந்தார் டாக்டர். கீழே, விடுதியில், மறுபடியும் எல்லோரும் நீங்கள்தான். "வீப்கே, இவர்தான். நான் சொன்னேனே, அவர். உக்காருங்க, முட்டை சாப்பிடுங்க."

ரோமெட் உட்காரவில்லை. "டாக்டர், நாளைக்கு அங்க போகாதீங்க. போன வருஷம் நான் உங்களைச் சாவடிக்கப் பாத்தேன்."

"என்ன சொல்றீங்க?"

"மேல ஒரு சத்தம் கேட்டுதே, ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா. மலை மூச்சு விட்ட மாதிரி. நான் என் நோயாளிகள்கிட்ட எல்லாம் சொல்வேன்."

"அது மூச்சு இல்ல. போகாதேன்னு சொன்னது. நான் பயந்தேன். பின்னாடி இன்னொருத்தன் என் தடத்துல நின்னான், அவனுக்கு விட்டுக்கொடுக்க மனசில்லாம உங்களைக் கூட்டிட்டுப் போனேன். உங்க நாலு பேர் உயிரை எடுத்து என் ரோஷத்துக்கு முட்டுக் குடுத்தேன்."

டாக்டர் ஹார்ம்ஸின் கண்கள் கலங்கின. புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"பாத்தியா, வீப்கே," என்றார் மகளிடம். "இதான் மலை மனுஷன். இவ்வளவு பெரிய காரியத்தைச் செஞ்சுட்டு எவ்வளவு அடக்கம் பாரு."

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ நாங்க போகக் கூடாதா?" என்று ரோமெட்டிடம் நேரே கேட்டாள்.

"போகக் கூடாதும்மா."

"அப்பா?"

"செராஃபின் பாத்துக்குவாரு கண்ணு. அதுக்குத்தானே வழிகாட்டி. நீ முட்டையைச் சாப்பிடு."

வெளியே வந்ததும் ரோமெட் சுவரோரம் நின்று காறித் துப்பினார். துப்பிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைக் கழுவித் துடைத்துத் தட்டில் வைத்துக் கொடுத்தாலும் அதை எடுத்து அலங்காரமாக மாட்டிக்கொள்கிற ஆட்களிடம் என்ன பேசுவது?

"அவரை வார்த்தையால அசைக்க முடியாது," என்றேன்.

"ஆமா," என்றார் ரோமெட். பூட்ஸில் ஒட்டியிருந்த சாணியைச் சுவரில் தேய்த்துக்கொண்டே, "மூக்கு இருக்குல்ல," என்றார்.

துப்பட்டியில் இறங்குகிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே வாயில் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். ஒரு பக்கம் ஓடை வெட்டிய பள்ளம், மறுபக்கம் பாறை. நடுவே இருப்பது ரோமெட்டின் புல்வெளி. பனி மூடிய அந்தப் புல்வெளியின் அகலத்தில்தான் விருந்தாளிகள் கையை விரித்துக்கொண்டு கடைசி வளைவுகளைப் போடுவார்கள், படம் எடுப்பார்கள், கட்டிக்கொண்டு அழுவார்கள். ஓரத்தில் அவருடைய வைக்கோல் கொட்டகை. பாட்டன் காலத்திலிருந்து அசையாமல் நிற்பதால் மேலிருந்து எதுவும் அதுவரை வராது என்று தெரியும். கொட்டகைவரை டிராக்டர் போக வழியுண்டு.

மதியம் ரோமெட் டிராக்டர் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டினார். தொழுவத்துக்கு அடியில் இருந்த சாணிக்குழியிலிருந்து, அக்டோபர் முதல் ஊறிக்கொண்டிருந்த கரைசலை டேங்கர் வண்டிக்கு இழுத்தார். மேனா குழாயைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பி நின்றாள்.

"ஏ மனுஷா, ஓடைப் பக்கம் விட்டே, உன்னை நானே போலீஸ்ல சொல்லுவேன். அந்தத் தண்ணிதான் கீழ குடிக்கறாங்க."

"ஓடைக்கு இந்தப் பக்கத்தோட நிறுத்திடுவேன்."

"இது தப்பு, தெரியுமில்ல? பனி மேல ஊத்தக் கூடாதுன்னு சட்டம்."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி. அப்புறம் யாரும் சொல்லலேன்னு சொல்லாதே." சொல்லிவிட்டுக் குழாயை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

கொட்டகைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி ரோமெட் பின்வாயைத் திறந்தார். பழுப்புக் குழம்பு விசிறியாக எழும்பி, மதிய வெயிலில் ஒரு நொடி பொன்னாக மின்னிவிட்டுப் பனியில் விழுந்தது. விழுந்த இடமெல்லாம் ஆவி பறந்தது. அந்த நாற்றத்தை எழுத்தில் சொல்ல முடியாது. பால் வண்டிக்காரன் வீட்டில் வளர்ந்த எனக்கே கண்ணில் நீர் வந்தது. அவர் திரும்பித் திரும்பிப் போய் நிரப்பிக்கொண்டு வந்தார். வெள்ளையாக இருந்த வாயில் முழுவதும், பாறையிலிருந்து ஓடைக்கரை ஓரம்வரை, கழிப்பறைத் தரை மாதிரி ஆனது.

நாற்றம் ஊருக்குள் இறங்கியதும் ஆட்கள் ஏறி வந்தார்கள். முதலில் கெப்ஹார்ட், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு. பின்னால் செராஃபின். அவனுக்குப் பின்னால் விருந்தாளிகள் சிலர், டாக்டரும் மகளும் உட்பட.

"ரோமெட், உனக்குப் பைத்தியமா?" என்றார் கெப்ஹார்ட். "பனி மேல சாணி ஊத்தறது சட்டவிரோதம்யா."

"ஆமா. புகார் குடு."

"குடுக்கத்தான் போறேன். நாளைக்கு ஆள் இறங்கி வரவேண்டிய இடம்டா இது."

"என் புல்வெளி. எரு போடறேன்."

"ஜனவரியிலயா?"

"நான் கொஞ்சம் சோம்பேறி. நேரம் தவறிடுச்சு."

செராஃபின் முன்னால் வந்தான். அவன் முகம் சிவந்திருந்தது. "சொல்றதைக் கேளு. நான் பாத்துத்தான் போவேன். விருந்தாளியை இந்தப் பீக்குள்ளயா கொண்டுவந்து இறக்கணும்?"

ரோமெட் டிராக்டரிலிருந்து இறங்கினார். அவர் மேலாடை முழுவதும் தெறித்திருந்தது. நாறும் புல்வெளியை நோக்கி, விடுதி வாசலில் விருந்தாளியை வரவேற்கிற மாதிரி கையை நீட்டி, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"தடம் உனக்கு, செராஃபின்."

யாரும் சிரிக்கவில்லை. வீப்கே மட்டும் கழுத்துச் சால்வையால் மூக்கை மூடிக்கொண்டு, மேலே துப்பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா குமட்டிக்கொண்டு திரும்பி நடந்தார். "இது அருவருப்பா இருக்கு," என்றார் அவர். "ரொம்ப அருவருப்பு. இவரைப் பத்தி நான் என்னவோ நினைச்சிருந்தேன்." சாவைப் பற்றி அவரிடம் சொன்னபோது முட்டை இறங்கிய தொண்டை, இப்போது சாணிக்கு மூடிக்கொண்டது.

சனிக்கிழமை துப்பட்டி நாள் நடக்கவில்லை. செராஃபின் கூட்டத்தைக் காட்டுக்குக் கூட்டிப்போனான். அடுத்தடுத்த வாரங்களிலும் நடக்கவில்லை; புதுப் பனி விழும் ஒவ்வொரு முறையும் ரோமெட் மேலே ஒரு பூச்சு பூசினார். நகராட்சி அவருக்கு அபராதம் போட்டது. சங்கம் கூப்பிட்டு விசாரித்தது. தொழிலுக்குக் களங்கம் விளைவித்ததாகச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு எழுதித் தரச் சொன்னார்கள். அவர் வழிகாட்டிப் பட்டையைச் சட்டையிலிருந்து பிய்த்து மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.

துப்பட்டி அந்த வருடம் விழவும் இல்லை. ஏப்ரலில் மெல்ல மெல்லக் கரைந்து, ஓடையில் போய்ச் சேர்ந்தது. செராஃபின் இன்றைக்கும் விடுதியில் அதைத்தான் சொல்கிறான்: "விழலையே, பாத்தீங்களா? ஒரு நல்ல பனிக்காலத்தை அந்தப் பைத்தியம் நாறடிச்சுட்டான்." அதற்குத் தலையாட்டுகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்த விளம்பரப் புத்தகத்தில் துப்பட்டி நாள் இல்லை. ஏன் எடுத்துவிட்டோம் என்று பழைய விருந்தாளிகள் கேட்டால் சொல்ல ஒரு வரி எழுதித் தரும்படி கெப்ஹார்ட் என்னிடம் கேட்டார். சத்தம், கீறல், சீனிப் பனி எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அதையெல்லாம் அடித்துவிட்டு, 'விவசாயக் காரணங்களால்' என்று அவரே எழுதிக்கொண்டார். எனக்கு அந்த அலுவலகத்தில் அதுதான் கடைசி வேலை.

இப்போது நான் மாநிலப் பனிச்சரிவு எச்சரிக்கைப் பிரிவில் வேலை செய்கிறேன். செராஃபின் வழிகாட்டிச் சங்கத்தின் துணைத் தலைவர். ரோமெட் பிளாங்கர் மலைக்கு ஆள் கூட்டிப்போவதில்லை. பனிக்காலக் காலைகளில் நகராட்சிக்காகத் தெருவில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறார், மற்ற நேரம் மாடுகளைப் பார்த்துக்கொள்கிறார். வழிகாட்டிகள் அவருக்கு வணக்கம் சொல்வதில்லை. அவருடைய சாணிக்குழி ஒவ்வொரு டிசம்பரிலும் நிறைந்தே இருக்கிறது.